குற்றாலத்தில் தண்ணீர் இல்லாத நாட்கள்

மார்ச் 2, ஞாயிறு

இதைப் படிக்கப்போகும் மகாஜனங்களுக்கு, ஆவுடையப்பனாகிய நான், வயது அறுபத்தேழு, ஓய்வுபெற்ற பஸ் டிக்கெட் பரிசோதகன், குலதெய்வத்தின் மேல் ஆணையிட்டுச் சொல்லிக்கொள்வது: இந்த நோட்டில் வரப்போகும் கதையை நீங்கள் ஒருவர்கூட நம்பப்போவதில்லை. நம்பவும் வேண்டாம். என் பேச்சை நம்பி இந்த ஜில்லாவில் உருப்பட்டவர் யாரும் இல்லை. முப்பத்தோரு வருஷ சர்வீசில் டிக்கெட் இல்லாத பதினோராயிரம் ஆட்களையும் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு ஆட்டுக்கிடாயையும் பிடித்தவன் நான் என்று ஆரம்பித்தாலே டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவப் போய்விடுகிறார்.

இன்று நாயகத்தைப் பார்க்கப் போனேன். கோமதிநாயகம், என் அக்காள் மகன். வயது முப்பத்துநாலு. கணக்கும் கடிகாரமும் அவனுக்குப் பிடிபடாது. வலிப்பு உண்டு, காலையில் இரண்டு மாத்திரை, ராத்திரி இரண்டு. அக்காள் போனபிறகு இரண்டு வருஷமாக அம்பாசமுத்திரம் சாலையில் தண்ணிழல் இல்லத்தில் இருக்கிறான். தனியாகக் காலம் தள்ள முடியாத பெரியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். என் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்தான். சுவரெல்லாம் ஈரம் ஊறியிருக்கிறது. அவன் உடம்புக்கு ஆகாது.

அவன் நெற்றியில் கோழிமுட்டை அளவுக்கு வீக்கம். கோழி என்ன கோழி, வான்கோழி. என்னடா இது என்றேன்.

"குத்தாலத்துக்குப் போனோம் மாமா."

"வழுக்கி விழுந்தியா?"

"தண்ணியே இல்ல மாமா. கல்லுதான் இருக்கு. வண்டில உக்காந்து பிஸ்கட் தின்னோம்."

மாசி மாதத்தில் குற்றாலம். அருவியில் குருவி குளிக்கக்கூடச் சொட்டு இருக்காது. சாரல் காலத்தில் ஊரே போகும், அது சரி. வெயில் காலத்தில் காய்ந்த பாறையைப் பார்க்க டெம்போ வைத்து ஆள் ஏற்றிப்போகிறவன் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், அல்லது மகா கெட்டிக்காரனாக இருக்க வேண்டும். இல்லத்தை நடத்தும் ஞானதிரவியம் சாரைப் பார்த்தால் பைத்தியம் மாதிரித் தெரியவில்லை.

மார்ச் 3, திங்கள்

மாவு புளித்துவிட்டது. அதிலேயே நாலு தோசை ஊற்றித் தின்றுகொண்டே யோசித்தேன். பாறைக்கு அடியில் தங்கம் புதைக்கிறார்களா? ஆட்களைக் கூட்டிப்போய்ச் சினிமாவில் கூட்டமாக நிற்க வைக்கிறார்களா? கிட்னியா? நாயகத்தின் முதுகைச் சட்டையைத் தூக்கிப் பார்க்காமல் வந்துவிட்டேனே. மூன்றாவது தோசையில் இந்தச் சந்தேகம் ஏழு மலை உயரத்துக்கு வளர்ந்துவிட்டது.

மார்ச் 6, வியாழன்

முறுக்கு கொடுக்கிற சாக்கில் மத்தியானச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து இல்லத்துக்குள் நுழைந்தேன். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பஸ்ஸில் ஏறித் தலையை எண்ணிய கண் இது. ஓய்வு பெற்றாலும் எண்ணுவதை நிறுத்தாது.

வாசல் போர்டில் அரசு பதிவுச் சான்றிதழின் எண், அதன் கீழே 'அனுமதிக்கப்பட்டவர் எண்ணிக்கை: 25'. உள்ளே தட்டு முப்பத்தொன்று. இரண்டு தரம் எண்ணினேன். சாம்பார் மகா தெளிவு. தட்டில் ஊற்றினால் தட்டு வாங்கிய கடையின் பெயரைப் படிக்கலாம். ஆனால் அது வேறு வழக்கு.

பராமரிப்பு வேலை பார்க்கும் முப்பிடாதி என்னைக் கண்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். நாற்பது வயசு இருக்கும். முப்பத்தொரு பேரின் நகம், தலை, கோபம், பேதி எல்லாம் அவள் பொறுப்பு.

"ரெண்டு மாசமா ஆளக் காங்கல. இப்ப ஒரே வாரத்துல ரெண்டு தரமா? என்ன அண்ணாச்சி விசேசம்?"

அவளுக்கு நாள் கணக்கு சரியாகத் தெரியாது. நான் அடிக்கடி போகிறவன்தான். போர்டில் இருபத்தஞ்சுதானே இருக்கிறது என்று கேட்டேன். முறுக்கை ஒரு கடி கடித்து, இதை யார் சுட்டது, பல்லு போயிரும் போலிருக்கே என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

திரவியம் சார் அறையில் இல்லை. வெளியே போயிருக்கிறாராம். அவருடைய செருப்பு மட்டும் வெளியே போகாமல் வாசலிலேயே கிடந்தது.

மார்ச் 7, வெள்ளி

குழாய்க்கு வாஷர் மாற்றினேன். கிட்னி இல்லை, ஆறு பேரிடமிருந்து கிட்னி எடுத்தவன் சாம்பாரில் இன்னும் கொஞ்சம் பருப்புப் போட்டிருப்பான்.

மார்ச் 9, ஞாயிறு

நாயகத்துக்குத் தேதி தெரியாது. ஆனால் எந்த நாளில் என்ன தின்றான் என்பது இம்மி பிசகாமல் தெரியும். அந்த வழியில் விசாரணையை நடத்தினேன். உலகத்தில் எந்தப் போலீசும் இப்படி நடத்தியதில்லை.

குற்றாலம் போகிற நாளில் விடியும் முன்னே எழுப்பிவிடுவார்களாம். கேசரி உண்டாம். அவன், செவிட்டு மாசானம், இன்னும் நாலு பேர். எப்போதும் அதே ஆறு பேர். சமையல்காரரும் டிரைவரும் கூட வருவார்கள். முப்பிடாதி வர மாட்டாள். அவள் அன்றைக்கு எல்லாக் கட்டிலுக்கும் புதுப் போர்வை விரிக்க வேண்டும்.

"உன் கட்டிலுக்குமாடா?"

"என் கட்டில மாடிக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க. சாயந்தரம் வந்தா மொட்டமாடில வெயில்ல கெடக்கும். சூடா இருக்கும் மாமா. நான் தண்ணி தெளிச்சுத்தான் படுப்பேன்."

சிரித்துக்கொண்டே சொன்னான். என் பங்கு முறுக்கையும் அவன் கையிலேயே கொடுத்தேன்.

மார்ச் 10, திங்கள்

துப்பு துலங்கிவிட்டது. அனுமதி இருபத்தஞ்சு, ஆள் முப்பத்தொன்று. ஆய்வுக்கு அதிகாரி வருகிற நாளில் மிச்ச ஆறு பேர் குற்றாலத்தில், ஆறு கட்டில் மாடியில், இருபத்தஞ்சு கட்டிலில் புதுப் போர்வை. அந்த ஆறு பேர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நாயகம் இரண்டு வருஷமாக அங்கே சாப்பிட்டுத் தூங்குகிறான், ஆனால் சர்க்கார் கணக்கில் அவன் அங்கே இல்லவே இல்லை.

இவ்வளவு பெரிய சதியைக் கண்டுபிடித்தவன் துள்ளிக் குதிக்க வேண்டும். எனக்கு ஏனோ ஆச்சரியமே வரவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

மார்ச் 13, வியாழன்

முப்பிடாதியைப் பஸ் ஸ்டாப்பில் மடக்கினேன். மடக்கினேன் என்றால், அவள் பஸ்ஸுக்காக நின்றாள், நான் பக்கத்தில் போய் நின்றேன். நாயகத்தின் நெற்றி வீக்கத்தைப் பற்றிக் கேட்டேன். வழுக்கி விழுந்ததாகத்தான் முதலில் சொன்னாள். பஸ் வரத் தாமதம் ஆயிற்று. இரண்டாம் தரம் கேட்டதும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள்.

வண்டிக்குள் நாயகத்துக்கு வலிப்பு வந்திருக்கிறது. முன்சீட்டுக் கம்பியில் தலை இடித்திருக்கிறது. காலை மாத்திரையை யாரும் கொடுக்கவில்லை. நர்ஸ் அறையில் தொங்கும் மருந்துப் பட்டியலில் இருபத்தஞ்சு பெயர்தான். மற்ற ஆறு பேருக்கு முப்பிடாதி தன் ஞாபகத்திலிருந்து கொடுக்கிறாள். ஆய்வு நாளில் அவள் இங்கே, அவர்கள் அங்கே.

"டைவருக்கு வலிப்புன்னா என்னன்னு தெரியாது அண்ணாச்சி. வாயில தண்ணிய ஊத்தப் போயிருக்கான். மாசானம் கையப் புடிச்சுத் தடுத்திருக்காரு. காது கேக்காத மனுசன், அவருதான் தடுத்தது. ஊத்தியிருந்தா மூச்சுல போயிருக்கும்."

பஸ் வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள். எனக்கும் அதே பஸ்தான். ஏற மறந்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

இன்று சிங்கம் குகைக்குள் நுழைந்தது. திரவியம் சார் அறையில் மேஜையை ஓங்கி அறைந்தேன். மேஜை இரண்டாகப் பிளந்தது. (பிளக்கவில்லை. பேனா மட்டும் உருண்டது.) ஆறு உயிரைக் கணக்கில் காட்டாமல் ஒளித்து வைத்திருக்கிறீர்களே, இது இல்லமா, கள்ளப் பஸ்ஸா என்று கர்ஜித்தேன்.

அவர் பேனாவை எடுத்து வைத்துவிட்டு, சத்தமே இல்லாமல் பேசினார். முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர்; தப்பாகக் கணக்குப் போட்ட பையனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

"ரெண்டு வருசம் முன்ன இந்த நாற்காலில உக்காந்து நீங்க என்ன சொன்னீங்க அண்ணாச்சி? எடம் இல்ல, இருபத்தஞ்சும் நெறஞ்சிட்டுன்னு நான் சொல்லச் சொல்ல, மூணு நாளு எந்திரிக்கலியே. அதுவரைக்கும் இங்க இருபத்தாறுன்னு ஒரு ஆளு கெடையாது. நாயகந்தான் மொதல் ஆளு. அவனுக்கு எடம் குடுத்தீரே, எங்களுக்கு மட்டும் இல்லியாக்கும்னு அடுத்த அஞ்சு குடும்பமும் வந்து நின்னுச்சு. எப்படி இல்லன்னு சொல்ல?"

நான் மூன்று நாள் உட்காரவில்லை. இரண்டரை நாள்தான்.

மேலும் சொல்ல ஆரம்பித்தார்: "குத்தாலங்கிற யோசன கூட..." பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்த அறையின் மின்விசிறிக்கு மூன்று இறக்கைகள். ஒன்றில் மட்டும் தூசி அதிகம். அதை வெகுநேரம் கவனித்தேன்.

சான்றிதழைப் புதுப்பிப்பதற்கான ஆய்வு இருபதாம் தேதி என்று சொன்னார். அன்று ஒரு நாள் மட்டும் நாயகத்தை என் வீட்டுக்குக் கூட்டிப்போக முடியுமா என்றும் கேட்டார். வீட்டில் படி அதிகம், அவன் விழுந்துவிடுவான் என்றேன்.

மார்ச் 15, சனி

என் வீட்டுக்கு மொத்தம் மூன்று படி. ஆனால் ஒவ்வொன்றும் இமயமலை.

மார்ச் 18, செவ்வாய்

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். மாத்திரை டப்பாவை நானே கையில் எடுத்துக்கொண்டு, குற்றால வண்டியில் நானே ஏறிவிடுவது. யாருக்கும் பாதகம் இல்லை. இல்லமும் பிழைக்கும், நாயகமும் பிழைப்பான், ஆவுடையப்பனும் நல்லவனாக இருப்பான். மூன்று மாங்காய்.

மார்ச் 20, வியாழன்

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

காலை ஐந்தரைக்கே போய்விட்டேன். கேசரி வாசனை. டெம்போ உறுமிக்கொண்டு நின்றது. மாசானமும் மற்ற நாலு பேரும் ஏறியாயிற்று. நாயகம் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். டிரைவரும் சமையல்காரரும் கட்டிலின் இரண்டு பக்கமும் குனிந்து நின்றார்கள்.

"எந்திரி நாயகம். கட்டில மாடிக்கு ஏத்தணும்."

"நான் வரல. அங்க கல்லுதான் இருக்கு."

கெஞ்சினார்கள். கேசரியை மூக்குக்கு நேராகக் காட்டினார்கள். கேசரியை வாங்கிக்கொண்டான், எழுந்திருக்கவில்லை. அவனோடு சேர்த்தே கட்டிலைத் தூக்கப் பார்த்தார்கள். அடுத்த பிடியில் டிரைவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. திரவியம் சார் என்னைப் பார்த்துக் கும்பிட்டார், மாமன் சொன்னால் கேட்பான் என்று. நான் மாத்திரை இரண்டையும் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, வாடா போவோம் என்றேன். அவன் நெற்றியைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தான். இரண்டாம் தரம் நான் கூப்பிடவில்லை. வண்டி ஐந்து பேரோடு புறப்பட்டது.

அதிகாரி பத்து மணிக்கு வருவதாக இருந்தது, எட்டரைக்கே வந்துவிட்டார். ஷர்மிளா பானு என்று பெயர். சின்ன வயசு, பெரிய கண்ணாடி. எதிர்பாராத நேரத்தில் வந்து நிற்பது எங்கள் பஸ் தொழிலின் பரம ரகசியம். அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. சமையலறை, கழிவறை, தீயணைக்கும் சிலிண்டர், கைப்பிடிக் கம்பி எல்லாவற்றையும் பார்த்தார். பெரிய அறைக்கு வந்ததும் விரலை நீட்டிக் கட்டிலை எண்ணினார். பழைய போர்வை போட்ட ஒரே கட்டிலில் விரல் நின்றது.

பட்டியலில் இருபத்தஞ்சு, இங்கே இருபத்தாறாக இருக்கிறதே, இவர் யார் என்று கேட்டார்.

"அது... அண்ணாச்சிகூட வந்தவரு மேடம். சும்மா பாத்துட்டுப் போக" என்றார் திரவியம் சார். ஆறடி மனிதர், குரல் அரையடிதான் வந்தது.

"இது என் கட்டிலு" என்றான் நாயகம். வாயில் கேசரி.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் என் வாயில் ஏழு பொய் வரிசையில் நின்றது. ஒன்றைவிட ஒன்று அழகு. 'ஆமா மேடம், நடந்து வந்த களைப்பு, கொஞ்சம் உட்காந்திருக்கான்' என்று சொல்லியிருந்தால் அவர் தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போயிருப்பார். சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டிருக்கும். அடுத்த ஆய்வில் கேசரி, டெம்போ, கம்பி.

"ரெண்டு வருசமா இங்கதான் இருக்கான் மேடம். என் அக்கா மகன். நான்தான் கொண்டாந்து விட்டேன்."

என் ஆயுளிலேயே ஜோடனை இல்லாமல் பேசியது இதுதான். பேசி முடித்ததும் மண்டபமே அதிர்ந்தது, அதிகாரியின் கண்ணாடி கழன்று விழுந்தது, வெளியே மயில் அகவியது என்றெல்லாம் எழுதத் தோன்றுகிறது. ஒன்றும் நடக்கவில்லை. அவர் பேனா மூடியைத் திறந்தார்.

இன்னும் எத்தனை பேர் என்றார். ஐந்து. எங்கே? குற்றாலம்.

"இந்த மாசத்துலயா?"

ஐந்து பேரையும் உடனே திருப்பிக் கொண்டுவரச் சொன்னார். டிரைவருக்குப் போன் போட்டார்கள். பிறகு அதிகாரி மருந்துப் பட்டியலை ஒவ்வொரு பெயராகப் படித்தார். நாயகத்தின் நெற்றித் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். எப்படி ஆயிற்று என்று அவனிடமே கேட்டார், அவனே சொன்னான்.

"எடம் பத்தல, கூடுதலா ஆறு பேருக்கு அனுமதி வேணும்னு எழுதிக் கேட்டிருக்கலாமே சார். ரெண்டு கழிவறை, ஒரு பணியாளர் கூடப் போட்டிருந்தா கிடைச்சிருக்கும். கூடுதலா வெச்சதுகூடப் பெருசில்ல. ஒளிச்சு வெச்சீங்க பாருங்க, அதுக்குத்தான் பதில் சொல்லணும். ஆய்வு நாள்ல ஆளக் கடத்துற இந்த யோசனை யாரோடது?"

திரவியம் சார் என் பக்கம் திரும்பவில்லை.

"என்னோடதுதான் மேடம்" என்றார்.

எழுதிக்கொண்டார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தேன். வார் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 21, வெள்ளி

நாயகம் என் வீட்டில். கூடுதல் ஆட்களைச் சொந்தக்காரர்கள் தற்காலிகமாக அழைத்துப்போக வேண்டும் என்று உத்தரவு. கொண்டுவந்து விட்டவரும் போய்ச் சேர்ந்தபிறகு மாசானத்துக்கு யாரும் இல்லை. அவரை ஒரு காலி இடம் பார்த்து முறைப்படி வேறு இல்லத்தில் சேர்த்திருக்கிறார்கள். நாயகம் மூன்று இமயமலையையும் கேசரிப் பொட்டலத்தோடு ஏறி வந்துவிட்டான்.

மார்ச் 23, ஞாயிறு

அவன் துணிமணியை எடுக்க இல்லத்துக்குப் போனேன். நோட்டீஸ் வந்திருக்கிறது. பதிவுச் சான்றிதழை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று இருபத்தெட்டாம் தேதி நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே திட்டமிட்டு ஆட்களை மறைத்தவர் என்று முடிவானால் திரவியம் சார் இனி எங்கேயும் இல்லம் நடத்த முடியாது. இருபத்தஞ்சு பேரும் நாலு மாவட்டத்துக்குச் சிதறுவார்கள்.

என் வீரச் செயலைப் பற்றி முப்பிடாதி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்வாள் என்று நின்றேன். சட்டைகளை மடித்து என் கையில் திணித்தாள்.

"மேசைய அறஞ்சீகளாமே. அதிகாரி கேட்ட அன்னிக்கு மட்டும் குனிஞ்சு செருப்பப் பாத்தீகளாக்கும். நாயகத்தக் கொண்டாந்து விட்ட அன்னிக்கு நான் கதவுக்கு வெளியதான் பாய் உதறிக்கிட்டு நின்னேன் அண்ணாச்சி. யாரு என்ன சொன்னாகன்னு எனக்குக் காது கேக்கும்."

வெயில் கடுமை. வீட்டுக்கு வந்து இரண்டு செம்பு தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

காலை மாத்திரை இரண்டு, ராத்திரி இரண்டு. சுவரில் ஒரு தாள் ஒட்டிக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். நாயகம் ஈரச் சுவரில் சாய்ந்துதான் உட்காருகிறான். குளுகுளுவென்று இருக்கிறதாம். வந்ததிலிருந்து ஒரு தும்மல்கூட இல்லை.

என் கதையை எல்லாம் நம்புகிறான். ஆட்டுக்கிடாய்க்கு டிக்கெட் போட்டியா மாமா என்று கேட்கிறான். உலகத்தில் என்னை நம்புகிற ஒரே ஆளைத்தான் இரண்டு வருஷம் டிக்கெட் இல்லாமல் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

மார்ச் 27, வியாழன்

நாளை விசாரணை. திரவியம் சாரைப் போனில் கூப்பிட்டு நானும் வருகிறேன் என்றேன். எதற்கு அண்ணாச்சி, விடுங்க என்றார். பின்னால் முப்பிடாதியின் குரல் கேட்டது. என்ன சொன்னாள் என்று புரியவில்லை, தொனி புரிந்தது.

நாயகத்தையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். தனியாக விட முடியாது. அவனுக்கு வெள்ளைச் சட்டை தேய்த்து வைத்திருக்கிறேன். பேச ஆரம்பித்தால் என் நாக்கு என் பேச்சைக் கேட்காது; எங்கேயாவது ஒரு சிங்கம் வந்துவிடும். ஆகையால் இந்த நோட்டையே ஷர்மிளா பானு மேடம் கையில் கொடுத்துவிடப் போகிறேன். அவருக்காக இந்தக் கடைசிப் பக்கம்.

மேடம், இதில் வரும் பதினோராயிரம் பேரைத் தள்ளிவிடுங்கள். மேஜை பிளந்ததையும் தள்ளிவிடுங்கள். சாம்பாரும் அவ்வளவு மோசமில்லை. என் வீட்டுப் படியைப் பற்றியும் சுவரைப் பற்றியும் எழுதியதை நாயகத்திடமே கேட்டுக்கொள்ளலாம். எல்லாவற்றையும் பொய் என்று அடித்துவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம், அதை மட்டும் அடிக்காதீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் திரவியம் சார், ஆய்வுக்கு வந்தால் இவனை எங்கே மறைப்பேன் என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது நான் சிரித்துக்கொண்டே, "அன்னிக்கு ஒரு நாளு குத்தாலத்துக்கு ஏத்தி அனுப்பிருங்க சார், யாருக்குத் தெரியப்போவுது" என்றேன்.